‘கொஞ்ச நாள்’ என்றால் எத்தனை நாள்?

பல்வலிக்காக அக்காவோடு மருத்துவமனைக்குப் போயிருந்தேன். முதல்முறை வருகிறவர்கள் நிரப்ப வேண்டிய படிவத்தில் பெயர், முகவரி எல்லாம் எழுதிவிட்டு, வயது என்ற கட்டத்தில் 27 என்று போட்டேன். எட்டிப் பார்த்த அக்கா, “முப்பத்தெட்டுடா உனக்கு” என்றாள். வலியில் ஏதோ எழுதிவிட்டேன் என்று இருவரும் சிரித்தோம். எண்ணை அடித்துத் திருத்தும்போதுதான் எனக்குச் சிரிப்பு நின்றது. நான் காதலித்தவள் என்னைவிட்டுப் போன வருடம் எனக்கு வயது 27.

நாலு வருடம் பழகியிருந்தோம். அவளுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. போன முதல் மாதம் தினமும் பேசினோம். அடுத்த மாதம் வாரத்துக்கு இரண்டு தடவை. அப்புறம் நான் அழைத்தால் எடுப்பாள், அவளாக அழைக்க மாட்டாள். ஐந்தாம் மாதம் ஒரு குறுஞ்செய்தி வந்தது: “கொஞ்ச நாள் பேச வேண்டாம். நானே கூப்பிடறேன்.”

இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு 11 வருடம் ஓட்டினேன். கொஞ்ச நாள் என்றால் முதலில் ஒரு வாரம் என்று எடுத்துக்கொண்டேன். பிறகு ஒரு மாதம். பிறகு, புது வேலை பிடிபடும்வரை. பிறகு, அவள் வீட்டில் நிலைமை சரியாகும்வரை. ஒவ்வொரு கெடுவும் தாண்டும்போது அடுத்ததை நானே போட்டுக்கொண்டேன். அவள் போட்ட கெடு என்று எதுவும் கிடையாது.

வெளியிலிருந்து பார்த்தால் நான் காத்திருப்பது யாருக்கும் தெரிந்திருக்காது. தாடி வளர்க்கவில்லை. வேலைக்குப் போனேன், சம்பளம் வாங்கினேன், நண்பர்களோடு சிரித்துப் பேசினேன். என் காத்திருப்பு முழுக்கச் சின்னச் சின்ன மறுப்புகளால் ஆனது. கைபேசி எண்ணை மாற்ற மறுத்தேன். கூரை ஒழுகிய வீட்டைவிட்டு வெளியேற மறுத்தேன், அவளுக்குத் தெரிந்த முகவரி அது ஒன்றுதான். கூடுதல் சம்பளத்தோடு ஓர் இடமாற்றம் வந்தபோது, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லித் தவிர்த்தேன். அவள் செய்திகள் இருந்த பழைய கைபேசியில் பேட்டரி உப்பிப் பின்மூடியே திறந்துகொண்டது; அதைத் தூக்கிப் போடாமல் ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தேன். (பேட்டரி உப்பினால் தீப்பிடிக்க வாய்ப்பு உண்டு. காதல் இருக்கட்டும், அதை யாரும் வீட்டில் வைத்திருக்காதீர்கள்.) குளிக்கப் போகும்போதும் போன் கூடவே வரும்.

இதற்கெல்லாம் விசுவாசம் என்று பெயர் வைத்திருந்தேன். அதில் ஒரு பெருமையும் இருந்தது. மற்றவர்கள் ஆறு மாதத்தில் மறந்துவிடுகிறார்கள், நான் அப்படிப்பட்டவன் இல்லை என்கிற பெருமை. பிரிவின் துக்கத்தைப் பற்றி எத்தனையோ பேர் எச்சரிக்கிறார்கள். இந்தப் பெருமையைப் பற்றி ஒருவரும் சொன்னதில்லை. பின்னால் எல்லாவற்றையும் விட வேண்டி வந்தபோது, துக்கத்தைவிட இதை விடுவதற்குத்தான் அதிக நாள் பிடித்தது.

பள்ளியில் சங்கப் பாடல்களின் ஐந்திணைகளைப் படித்தபோது முல்லைக்கு இருத்தல் (காத்திருப்பது), நெய்தலுக்கு இரங்கல் (பிரிவை நினைத்துப் புலம்புவது) என்று மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்தேன். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உறைக்க இருபது வருடத்துக்கு மேல் ஆனது. முல்லைத் தலைவி காத்திருக்கிறாள் என்றால், கார்காலத்தில் திரும்பி வருகிறேன் என்று தலைவன் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். அந்தக் காத்திருப்புக்கு ஒரு நாள் இருக்கிறது. மழை பெய்து கொன்றை பூத்துவிட்டால் நாள் வந்துவிட்டது என்று பொருள். கொன்றை பூத்தும் அவன் வரவில்லை என்றால் தோழி ஒரு சமாதானம் சொல்வாள். இது கார்காலமே இல்லை, பருவம் தப்பிப் பெய்த மழை. இந்தக் கொன்றைக்குப் புத்தி இல்லை, ஏமாந்து பூத்துவிட்டது என்பாள். அழகான பொய்.

பதினொரு வருடமும் எனக்கு நானே அந்தத் தோழியாக இருந்தேன். பிறந்தநாள் வாழ்த்துக்குப் பதில் வரவில்லையா, எண் மாறியிருக்கும். முகப்புப் படத்தை எடுத்துவிட்டாளா, வேலை அதிகமாக இருக்கும். என் நண்பனின் திருமணத்துக்கு அவள் வரவில்லையா, என்னைப் பார்த்தால் அழுதுவிடுவோம் என்று பயந்திருப்பாள். எத்தனை கொன்றை பூத்தாலும் எல்லாமே புத்தியில்லாத கொன்றை. முல்லையில் இருப்பதாக நினைத்துக்கொண்டு நான் நெய்தலில் உட்கார்ந்திருந்தேன்.

இப்போது யாராவது ‘நான் காத்திருக்கிறேன்’ என்று சொன்னால், அது சரியா தப்பா என்று பேச மாட்டேன். மூன்றே கேள்விதான் கேட்பேன். காத்திருக்கச் சொன்னது யார்? எதுவரை? நீங்கள் காத்திருப்பது அவருக்குத் தெரியுமா? மூன்றுக்கும் பதில் இருந்தால் தாராளமாகக் காத்திருக்கலாம், அதில் ஒரு குறையும் இல்லை. என்னிடம் ஒன்றுக்குக்கூடப் பதில் இருந்திருக்காது.

ஐந்தாவது வருடம் கிட்டத்தட்ட ஓய்ந்துவிட்டேன். அப்போது பார்த்து ஒரு நள்ளிரவில், தெரியாத எண்ணிலிருந்து ஒரு மிஸ்டு கால். திருப்பி அழைத்தால் அணைத்து வைத்திருந்தார்கள். அது யாராகவும் இருந்திருக்கலாம். ஆனால் அந்த ஒரு மணியோசை எனக்கு இன்னும் மூன்று வருடத்துக்குப் போதுமானதாக இருந்தது. உளவியலாளர் ஸ்கின்னர் புறாக்களை வைத்துச் செய்த சோதனைகளைப் பற்றிப் பின்னால் படித்தேன். ஒவ்வொரு தடவை கொத்தும்போதும் தானியம் கிடைத்துப் பழகிய புறா, தானியம் நின்றால் சீக்கிரமே கொத்துவதை விட்டுவிடும். எப்போதாவது ஒருமுறை, எப்போது என்று தெரியாமல் கிடைத்துப் பழகிய புறாதான் நின்ற பிறகும் வெகுநேரம் கொத்திக்கொண்டே இருக்கும். முழுக்கக் கைவிடப்பட்டவர்களைவிட, ஆண்டுக்கொரு முறை ஒரு ‘ஹாய்’ வருகிறவர்களின் நிலை மோசம் என்பது என் அனுபவம். உங்களுக்கு அப்படி எப்போதாவது ஒன்று வந்துகொண்டிருந்தால், அதை நம்பிக்கையின் கணக்கில் எழுதாதீர்கள்.

அடுத்து ஞாபகம். இதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடந்த காலத்தில் வாழ்கிறோம் என்று நாம் சொல்வதே பாதி பொய்.

நாங்கள் கடைசியாகச் சந்தித்த நாளைப் பற்றி என்னிடம் ஒரு காட்சி இருந்தது. மழை. பேருந்து நிறுத்தத்தில் அவள் நனைந்தபடி நிற்கிறாள். ஏறும்போது திரும்பிப் பார்க்கிறாள், கண் கலங்கியிருக்கிறது. இதை ஆயிரம் முறையாவது ஓட்டிப் பார்த்திருப்பேன். பல் சரியான கொஞ்ச நாளில், 27 என்று எழுதியது உறுத்திக்கொண்டே இருந்ததால், அந்த வருடத்து நாட்குறிப்பைத் தேடி எடுத்தேன். அந்தத் தேதியில் என் கையெழுத்தில் இருந்தது இது: “வெயில் தாங்கவில்லை. இன்றும் அரை மணி நேரம் தாமதம், மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறாள். நானும் கத்திவிட்டேன். பஸ் ஏறும்வரை பேசவில்லை.”

மழையே இல்லை.

முன்பின் புரட்டினேன். அந்த வருடத்தில் மட்டும் பதினேழு சண்டைகளை எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றுகூட எனக்கு நினைவில் இல்லை. ஞாபகம் என்பது பெட்டியில் வைத்து எடுப்பது போன்றதில்லை, ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டி எழுப்புவது என்று 1932-லேயே பிரிட்டன் உளவியலாளர் பார்ட்லெட் எழுதிவிட்டார். 2000-இல் கரீம் நாடெர் குழுவினர் எலிகளிடம் செய்த சோதனையில், மீட்டெடுக்கப்பட்ட பய ஞாபகம் திரும்பப் பதியும்வரை கொஞ்ச நேரம் இளகிய நிலையில், மாறக்கூடியதாக இருப்பதாகத் தெரிந்தது. எலியின் பயத்தையும் என் பேருந்து நிறுத்தத்தையும் ஒன்றாக்க முடியாதுதான். ஆனால் ஆயிரம் முறை எடுத்து எடுத்து வைத்த ஒன்றில் என் கைரேகை படியாமல் இருக்குமா? போதாததற்கு, கெட்ட ஞாபகங்களின் காரம் நல்ல ஞாபகங்களின் இனிப்பைவிடச் சீக்கிரம் குறையும் என்றும் ஆய்வுகள் சொல்கின்றன. துக்கத்தைத் தாங்குவதற்கு அது நல்ல ஏற்பாடு. காத்திருப்பவனுக்கு விஷம்.

அன்று இரவு முழுக்க எனக்கு ஒரே கேள்வி. நான் யாருக்கு விசுவாசமாக இருந்தேன்? மழையில் நனைந்தவள் நான் உண்டாக்கியவள். வெயிலில் எரிந்து விழுந்தவளை நான் பத்து வருடமாக நினைத்துப் பார்த்ததே இல்லை. உயிரோடு எங்கோ இருக்கும் அந்தப் பெண்ணுக்கு அது ஒரு துரோகம்கூட என்று தோன்றியது.

நாட்குறிப்பு எழுதும் பழக்கம் இருந்தால் அந்த நாட்களைத் திரும்பப் படியுங்கள். இல்லையென்றால், அந்தக் காலத்தில் உங்கள் இருவரையும் பக்கத்தில் இருந்து பார்த்த ஒருவரிடம், ‘நாங்க எப்படி இருந்தோம்?’ என்று கேளுங்கள். பதிலை மறுத்துப் பேசாமல் கேட்பதுதான் கஷ்டம்.

எங்கள் இருவருக்கும் பொதுவான நண்பன் ஒருவன் உண்டு. பதினொரு வருடமும் மாதம் ஒருமுறையாவது அவனோடு பேசியிருக்கிறேன். அவளைப் பற்றி ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. நாட்குறிப்பைப் படித்த வாரம் முதன்முறையாகக் கேட்டேன்.

“அவளுக்குக் கல்யாணம் ஆகி ஆறு வருஷம் ஆச்சுடா. ஒரு பையன் இருக்கான்.”

“ஏன்டா சொல்லல?”

“உனக்குத் தெரியும்னு நினைச்சேன். நீ கேட்டதே இல்லையே.”

பாலின் பாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் ‘தெளிவற்ற இழப்பு’ என்ற கருத்தை முன்வைத்தார். வியட்நாம் போரில் காணாமல்போன வீரர்களின் குடும்பங்கள் அவருடைய தொடக்க ஆய்வுகளில் முக்கியமானவை. இருக்கிறாரா இல்லையா என்று தெரியாததால் அவர்களால் துக்கப்படவும் முடியாது, நகரவும் முடியாது. அதைப் படித்தபோது முதலில் ‘இது நான்தான்’ என்று தோன்றியது. கொஞ்ச நேரத்தில் வெட்கமாகிவிட்டது. அந்தக் குடும்பங்களுக்குச் செய்தி கிடைக்க வழியே இல்லாமல் இருந்தது. எனக்கு ஒரு போன் அழைப்பு தூரத்தில் இருந்தது. என் இழப்பைத் தெளிவில்லாமல் வைத்திருந்தது நான்தான், அது எனக்குத் தேவைப்பட்டது.

ஆகவே, தெரிந்துகொள்ள வழி இருந்தால் கேட்டுவிடுங்கள். ஒரே ஒருமுறை, பொதுவான ஒருவர் மூலமாக. நேரடியாகவே கேட்க வேண்டுமென்றால் ஒரே ஒரு செய்தி. பதில் வராமல் இருப்பதும் பதில்தான். அதற்கு மேல் தொடர்ந்து எழுதுவது, அவர் இருக்கும் இடத்துக்குப் போய் நிற்பது, வேறு பெயரில் கணக்கு தொடங்கிப் பார்ப்பது எல்லாம் காதலில் சேராது, தொல்லை. ‘உனக்காக இத்தனை வருடம் காத்திருந்தேன்’ என்று அவரிடம் சொல்லாமல் இருப்பதும் நல்லது. வாங்காத கடனுக்கு ஒருவரிடம் வட்டி கேட்பது போல அது.

தெரிந்ததும் எல்லாம் முடிந்துவிடும் என்று நினைத்தேன். மறுநாள் காலை குளிக்கப் போனபோது போன் வழக்கம்போலக் கையில் இருந்தது.

இதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. யாருக்காகக் காத்திருக்கிறேன் என்பதே போய்விட்ட பிறகும் காத்திருப்பு மட்டும் தனியாக ஓடிக்கொண்டிருந்தது. ஹெலன் ஃபிஷர் குழுவினர் 2010-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், காதலில் அண்மையில் கைவிடப்பட்ட 15 பேரிடம் அவர்களை விட்டுப் போனவரின் படத்தைக் காட்டி மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். கொக்கெய்ன் ஏக்கத்தோடு தொடர்புடைய பகுதிகளும் இயங்கின. பதினைந்து பேர் என்பது சின்ன எண்ணிக்கை, என்னுடையதோ பழைய பிரிவு. ஆனாலும், மகத்தான காதல் என்று நான் சொல்லிக்கொண்டிருந்ததற்குள் ‘பழக்கம்’ என்ற சாதாரணச் சொல்லும் இருக்கலாம் என்பது ஒரு பெரிய விடுதலை. மகத்தானதை என்ன செய்வது என்று தெரியாது. பழக்கத்தை ஏதாவது செய்யலாம்.

முதலில் ‘இனி அவளை நினைக்கக் கூடாது’ என்று தீர்மானம் போட்டேன். மூன்று நாள். அதற்கு முன் நினைத்ததைவிட அதிகமாக நினைத்தேன். டேனியல் வெக்னர் 1987-இல் வெளியிட்ட சோதனையில் மாணவர்களிடம் ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை நினைக்காமல் இருக்கச் சொன்னார், நினைவு வந்தால் மணியடிக்க வேண்டும். மணி அடித்துக்கொண்டே இருந்தது. தடையை நீக்கிய பிறகு கரடி இன்னும் அதிகமாக வந்தது. ‘மறந்துடுடா’ என்று அன்போடு சொல்பவர்கள் கரடியைத்தான் அனுப்பி வைக்கிறார்கள்.

அதனால் நேரம் ஒதுக்கினேன். ஞாயிறு மாலை ஆறிலிருந்து ஆறரை வரை. அவளை நினைப்பதற்கு. வாரத்தின் நடுவில் ஞாபகம் வந்தால், ‘ஞாயிறு பார்த்துக்கலாம்’ என்று ஒரு தாளில் ஒரு வரி குறித்து வைப்பேன். கேலியாகத் தெரியலாம். முதல் ஞாயிறு அரை மணி போதவில்லை. இரண்டு மூன்று மாதம் கழித்து, இருபதாவது நிமிடத்தில் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தேன்.

எழுதுவதையும் முயன்றேன். பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் 1980-களில் தொடங்கிய முறை: தொடர்ந்து நான்கு நாள், நாளைக்குப் பதினைந்து நிமிடம், மனதை அழுத்தும் விஷயத்தை நிறுத்தாமல், திருத்தாமல் எழுதுவது. யாருக்கும் காட்ட வேண்டாம். முதல் இரண்டு நாள் எழுதி முடித்ததும் இன்னும் மோசமாக இருந்தது. அது பலருக்கும் நடப்பதுதான். மூன்றாம் நாள் பேனா அவளைவிட்டு நகர்ந்து, வாங்காமல் விட்ட இடமாற்றம், அம்மாவின் பெயரில் சொன்ன பொய், அக்காவின் மகன் வளர்ந்ததைச் சரியாகப் பார்க்காதது என்று போனது. நான்காம் நாள் அவள் பெயர் ஒரே ஒரு இடத்தில்தான் வந்தது. எல்லோருக்கும் இப்படி ஆகும் என்று சொல்ல முடியாது. தூக்கம், சாப்பாடு எல்லாம் கெட்டு, செத்துவிடலாம் என்ற எண்ணம் எட்டிப் பார்க்கிறது என்றால், நோட்டுப் புத்தகத்தோடு உட்காராதீர்கள். அன்றைக்கே ஒருவரிடம் சொல்லுங்கள், மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ பாருங்கள்.

பிறகு என் மறுப்புகளை ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்கினேன், சின்னதிலிருந்து பெரியதாக. முதலில் குளியலறைக்குப் போகும் போன். அப்புறம் அவள் பெயர் இருந்த கடவுச்சொல். (புதியதை மூன்று முறை மறந்தேன்.) உப்பிய பேட்டரியைக் கழற்றி, அதற்கான மின்கழிவுத் தொட்டியில் போட்டேன். கடிதங்கள், படங்கள், அந்தக் கைபேசி எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டு அக்காவிடம் கொடுத்தேன். எரித்துவிடச் சொன்னவர்கள் உண்டு. எரிப்பதில் ஒரு நாடகம் இருக்கிறது, எனக்கு நாடகம் போதும். வீட்டை மாற்றுவது கடைசி. அதற்கு 14 மாதம் ஆனது. லாரியில் கடைசி மூட்டை ஏறியபோது அவள் இப்போது வந்தால் என்ன செய்வாள் என்று ஒரு நொடி நினைத்தேன். பேருந்துக்காக ஒரு மணி நேரம் நின்றுவிட்டவன், ஆட்டோவில் ஏறியதும் பின்னால் பேருந்து வருகிறதா என்று திரும்பிப் பார்ப்பானே, அப்படி.

எழுதத் தயங்கும் ஒன்று மிச்சம் இருக்கிறது. ஏழாவது வருடம், உடன் வேலை செய்த ஒரு பெண்ணோடு பழக்கமானது. எட்டு மாதம். நல்லவள், என்னைப் பிடித்திருந்தது. எனக்கும் பிடித்திருந்தது என்று இப்போது தெரிகிறது. அவள் சொன்ன எதையும், இதே இடத்தில் விட்டுப் போனவள் என்ன சொல்லியிருப்பாள் என்ற கணக்கோடுதான் கேட்டேன். ஒருநாள், “நீங்க எங்கிட்டப் பேசும்போதெல்லாம் வாசலையே பாத்துக்கிட்டு இருக்கீங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள். அதற்கப்புறம் பேசவில்லை. என் விசுவாசத்துக்கான செலவில் ஒரு பங்கை அவள் கொடுத்திருக்கிறாள், கேட்காமலே அவளிடமிருந்து எடுத்துக்கொண்டேன். மன்னிப்புக் கேட்டு எழுதலாமா என்று யோசித்தேன். எழுதினால் பதிலுக்குக் காத்திருப்பேன் என்று தெரிந்ததால் எழுதவில்லை.

பழைய எண்ணை மட்டும் இன்னும் மாற்றவில்லை. வங்கி, அலுவலகம் என்று எல்லாம் அதோடு இணைந்திருக்கிறது என்று காரணம் சொல்கிறேன். அது உண்மையும்தான்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த அரை மணி நேரத்தை மறந்தே போனேன். புதன்கிழமைதான் ஞாபகம் வந்தது. சந்தோஷப்பட வேண்டும் என்று நினைத்தேன், ஆனால் யாரையோ பாதி வழியில் விட்டுவிட்டு வந்தது போல இருந்தது. அக்காவுக்குப் போன் செய்து சொன்னேன். அவள் பரணைச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். “சரி, இந்தப் பெட்டியை என்னடா பண்றது? இடத்தை அடைச்சுக்கிட்டு இருக்கு” என்றாள். இருக்கட்டும்க்கா என்றேன்.